நாலாவது போல்ட்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன், அதிலும் பருத்தி எடுக்கிற மாதங்களில் போகவில்லை. சொன்னதையே மறுபடி சொல்லிவிடுவேன், சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீட்டு ஜன்னல் ஒன்றுக்குக் கைப்பிடி மாற்றினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு சூலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டபோது ஒரே நீள வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தார்கள். மேற்கே இருந்த பெரிய வாசலும், அதற்கு அப்பால் இருந்த தறிக்கொட்டகையும் அண்ணன் பங்குக்குப் போயின. நான் படுக்கிற அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அது அந்த வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. கதவும் அந்தப் பக்கம்தான் திறக்கும்.

"உங்க ஜன்னக் கதவு எங்க எடத்துல வந்து நிக்குது. செங்கல் வெச்சு அடைச்சுரு" என்றார் அண்ணன்.

"அந்த ரூமுக்கு வேற காத்து ஏது?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, ஜன்னல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். ஜன்னல் இருந்தது, பேச்சு நின்றது. சண்டை போட்டவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். பேசாமல் இருந்தது நானும் என் ஓரகத்தியும். அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் நாங்கள் பேசவில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது ஓரகத்தி வந்து என் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுச் சாவுக்கு நானும் அப்படியே போய் உட்கார்ந்தேன். அழுதோம். பேசவில்லை.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேச்சில் கெட்டி. எனக்குப் புது ஆள் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டுக்கு விருந்தாட வருகிற ஒறம்பரைக்காரர்கள் என்னிடம் ஏதாவது கேட்டால், "அவ வாயத் தொறக்க மாட்டா, தலைய ஆட்டுனா ஆமான்னு வெச்சுக்குங்க" என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார். எனக்கும் சேர்த்து அவர் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பேச்சு நின்ற பிறகுதான் எனக்கென்று பேச ஆள் இல்லை என்பது தெரிந்தது.

போன ஆடிக்கு முந்தின ஆடியில் அந்தக் கைப்பிடி கழன்று வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக வந்து மேற்குச் சுவரில் மோதும். ஒருநாள் காலையில் ஜன்னலை இழுத்துச் சாத்தப் போனேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே போல்ட்டெல்லாம் துருப்பிடித்து உளுத்துப் போயிருந்தது. கம்பியில் இருக்கிற கொக்கியை அந்தக் கைப்பிடியில் மாட்டித்தான் கதவை நிறுத்துவேன், அதற்குப் பிறகு கதவு காற்றுக்கு இஷ்டம்போல் அடித்தது. திறந்தால் படார், மூடினால் படார். தறிக்கொட்டகைப் பஞ்சு பறந்து வந்து படுக்கையெல்லாம் படிந்தது. ஒரு பழைய பச்சைச் சேலையைக் கிழித்து, கைப்பிடி இருந்த ஓட்டை வழியாகக் கோத்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைத்தேன். அறை பகலிலும் இருட்டாகிவிட்டது.

பெங்களூரில் இருக்கிற மகளிடம் போனில் சொன்னேன்.

"போட்டோ எடுத்து அனுப்பும்மா, நான் இங்கிருந்தே வரவெச்சுடறேன்" என்றாள். போட்டோ எடுக்க எனக்கு வராது. என்னத்தையோ எடுத்து அனுப்பினேன், என் கட்டைவிரல்தான் பெரிதாக விழுந்ததாம். எட்டு நாள் கழித்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே திருகுகிற மாதிரி வெள்ளைக் கைப்பிடி ஒன்று, இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் ஜன்னலுக்கானது. மரக் கதவில் அதை எங்கே வைப்பது? நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பீரோவில் இருக்கிறது இன்னும்.

சூலூர்க் கடையில் கேட்டேன். "அந்த மாதிரியெல்லாம் இப்ப யாருங்க வாங்கறாங்க, எல்லாம் ஸ்லைடிங் ஆயிருச்சு. டவுன்ல பழைய கடைகள்ல பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே டவுனுக்குப் புறப்பட்டேன். போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். என் ஜன்னலில் கம்பி உள்பக்கம், கதவு வெளிப்பக்கம். கைப்பிடி ரொம்பத் துருத்திக்கொண்டிருந்தால் கம்பியில் இடித்துக் கதவு மூடாது. அதனால் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, கம்பிக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து அளவாக ஒடித்துக்கொண்டேன். பழைய கைப்பிடியையும் குச்சியையும் ஒரு துணியில் முடிந்து பைக்குள் போட்டேன். பஸ்ஸில் போகும்போது கடையில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உக்கடத்தில் இறங்குகிறவரைக்கும் சரியாக வந்தது.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் வயசான பாய், தலையில் வெள்ளைத் தொப்பி. முன்னால் நாலைந்து ஆண்கள் நின்று கீல், ஆணி என்று சத்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, வந்ததுலயிருந்து சாக்குமூட்டைக்குக் காவல் நிக்கறீங்க. என்ன வேணுமுங்க?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் போய்விட்டது. துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தேன்.

"கைப்பிடி தெரியுது. இதென்னங்க குச்சி?"

"கம்பிக்கும் கதவுக்கும் நடுவால அவ்வளவுதானுங்க எடம்."

குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "டேப்போட வர்றவங்க அளவ மறந்துட்டு வந்து நிப்பாங்க. நீங்க அளவையே ஒடிச்சுக் கொண்டாந்துட்டீங்க" என்றார். பிறகு ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார். அலுமினியம், எஸ்.எஸ்., கறுப்புப் பூச்சு, பித்தளை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் குச்சியை நிறுத்திப் பார்த்தார். குச்சியைவிட உயரமானதை எல்லாம் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். பிறகு பழைய கைப்பிடியை மேலே வைத்து, நாலு ஓட்டையும் நேராக வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் மூன்று மிஞ்சின.

அதில் ஒன்று பூ வேலை செய்தது, அழகாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு விரல்தான் போனது. எனக்கு விரல் முட்டியெல்லாம் வீங்கிப் போனது, நாலு விரலும் சேர்த்துப் பிடித்தால்தான் இழுக்க முடியும். கறுப்பில் நாலு விரலும் போனது, ஆனால் ஓரம் கூராக இருந்தது. மொழுக்கென்ற பித்தளையில்தான் கை நன்றாக உட்கார்ந்தது. எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இதுதான் வேண்டும், இது வேண்டாம் என்று நானாக ஒன்றைப் பொறுக்கியது அதுதான் முதல் தடவையா என்று யோசித்துப் பார்க்கிறேன். பாத்திரமும் சேலையும்கூட யாராவது எடுத்துக் கொடுத்ததுதான்.

"பித்தளையா? நல்லதுங்க, மழை பட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்றவர் பழைய கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். "இதுல போல்ட்டுதானுங்க இருந்துருக்குது. புதுசுக்கும் போல்ட்டே போட்டுருங்க. கதவு பழசு, திருகாணி நிக்காது. அக்கட்டயிருந்து போல்ட்ட உள்ள தள்ளிப் புடிச்சுக்கோணும், இக்கட்ட நட்ட முடுக்கோணும். ரெண்டு பேர் வேலைங்க. அக்கட்ட நின்னு புடிக்க ஆளிருக்காங்களா?"

அந்தப் பக்கம் என்றால் அக்காவின் வாசல். திடீரென்று அன்றைய கிழமை நினைவுக்கு வந்தது.

"இன்னைக்குச் சனிக்கிழமைங்க. சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டேனுங்க" என்றேன்.

"பித்தளைலயும் போல்ட்டு இருக்குதுங்களே!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "பித்தளைத் திருகாணியே போதுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செய்தது தப்பு என்று அப்போதே தெரியும். சனிக்கிழமைக்குப் பயந்து போல்ட் வாங்காமல் வந்தேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருகாணி என்றால் ஒருத்தியே உள்பக்கமிருந்து போட்டுவிடலாம், யாரையும் கேட்க வேண்டாம். அதுதான் உண்மை.

ஓட்டை பெரிதாக இருந்ததால் தீக்குச்சிகளை ஒடித்துச் செருகி, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, திருப்புளியால் ஒவ்வொன்றாக முடுக்கினேன். ஒரு காலை நேரம் முழுக்க ஆனது. கைப்பிடி பளபளவென்று நின்றது. பச்சைத் துணியை அவிழ்த்தேன், வெளிச்சம் வந்தது. அன்றைக்கு எதற்கென்றே இல்லாமல் நாலைந்து தடவை ஜன்னலைத் திறந்து மூடினேன். மூன்றாம் நாள் காற்று ஒரு இழுப்பு இழுத்தது. கைப்பிடி, திருகாணி, தீக்குச்சி எல்லாம் சேர்ந்து அறைக்குள் வந்து விழுந்தது. மறுபடி பச்சைத் துணியைக் கட்டினேன்.

இரண்டாவது தடவை போனபோது பாய் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. போல்ட் டப்பாவைக் கீழே இறக்கி, "இன்னைக்கு என்ன கிழமைங்கம்மா?" என்றார்.

"புதனுங்க."

"அப்ப இரும்பே வாங்கலாம்." கதவின் கனத்துக்கு நான் ஒடித்துக் கொண்டுபோயிருந்த இன்னொரு குச்சியை வைத்து நாலு போல்ட், நாலு நட்டு, நாலு வாஷர் எடுத்துக் கொடுத்தார். பொட்டலம் மடிக்கும்போது, "அக்கட்ட ஆளிருக்காங்கல்ல?" என்றார்.

"இருக்காங்க" என்றேன்.

பொய் சொன்னேனா நிஜம் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆள் இருக்கத்தான் செய்தார். காலையில் அவர் வாசல் கூட்டுகிற சத்தம் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்கும். கூப்பிட்டால் வருவாரா என்பதுதான் தெரியாது. கூப்பிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டால்? இத்தனை நாள் பேசாமல் இருப்பதற்கு அந்தச் சண்டை ஒரு காரணமாக இருந்தது. கூப்பிட்டும் வரவில்லை என்றால் அதற்குப் பிறகு இந்தச் சுவரோடு எப்படி இருப்பது? போல்ட் பொட்டலம் நாலு நாள் ஜன்னல் மாடத்திலேயே கிடந்தது.

ஐந்தாம் நாள் போனேன். அவர் வீட்டுக் கேட் அடுத்த வீதியில் இருக்கிறது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கேட் வரைக்கும் போய் ஒருமுறை திரும்பி வந்துவிட்டேன். வீட்டுப் படியில் கால் வைத்ததும் மறுபடி திரும்பிப் போனேன்.

அக்கா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். கொட்டகையில் தறி ஓடுகிற சத்தம் காதை அடைத்தது. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். நான் பக்கத்தில் போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நாலு போல்ட்டும் வேர்வையில் ஈரமாக இருந்தன.

ஒரு போல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஜன்னலுக்கா?"

தலையை ஆட்டினேன்.

"இன்னும் தலையத்தான் ஆட்டற" என்றார். "எத்தன நாளா அந்தத் துணி தொங்குது?"

"பதினஞ்சு நாள் இருக்குமுங்கக்கா."

"பத்தொம்பது. நடுவால ரெண்டு நாள் அவுந்துருந்துச்சு, மறுக்காக் கட்டுன. அது சரி, அந்தச் சேலையவா கிழிச்ச நீ?"

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைக் கைகாட்டினார்.

"மாமியா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி எடுத்துக் குடுத்தது. நோம்பிக்குக் கட்டுனமே, ரெண்டு பேரும் கோயல்ல நின்னா ரெட்டப் புள்ளைகளாட்டம் இருக்குதுன்னாங்களே. என்ற சேல பொட்டிக்குள்ள அப்படியே இருக்குது. நீ ஜன்னலுக்குக் கட்டிவெச்சிருக்கற."

மறந்தே போயிருந்தேன். பழைய சேலை என்று மட்டும்தான் நினைத்துக் கிழித்தேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

"போ, உள்ள போய் நில்லு. என்ன செய்யோணும்னு சொல்லு" என்று போல்ட்டுகளையும் நான் கொண்டுபோன திருப்புளியையும் வாங்கிக்கொண்டார்.

ஓடினேன் என்று சொல்ல முடியாது, ஆனால் வேகமாகத்தான் வந்தேன். ஜன்னலிடம் வந்து துணியை அவிழ்ப்பதற்குள் அவர் வெளியே கதவை அழுத்திப் பிடித்துவிட்டார். ஓட்டைகளில் மிச்சமிருந்த தீக்குச்சித் துண்டுகளைக் குத்தி எடுத்தேன். இருட்டறையில் கதவில் நாலு வெளிச்சப் புள்ளி. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது.

"மொதல்ல சோத்துக்கைப் பக்கங்கக்கா!" என்றேன்.

"சத்தமாச் சொல்லு! தறி ஓடுதல்ல!"

"சோத்துக்கைப் பக்கம்!"

"உன்ற சோத்துக்கையா, என்ற சோத்துக்கையா?"

"உங்களுதுங்க! இல்லீங்க, என்றது!"

"ஏதோ ஒண்ணுல உடறேன், நீயே புடி!"

ஒரு புள்ளி அணைந்தது. போல்ட்டின் நுனி மெதுவாக உள்ளே எட்டிப் பார்த்தது. கைப்பிடியை அதில் மாட்டி, வாஷரைப் போட்டு, நட்டை விரலால் திருகினேன். வெளியே அவர் திருப்புளியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. புடிங்க, உடுங்க, இன்னும் கொஞ்சம், போதும் என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவரும் கத்தினார். "தொண்டை இருக்குதே உனக்கு, இத்தன நாள் எங்க வெச்சிருந்த?" என்று கேட்டார். எனக்கு நட்டு முடுக்குகிற வேலை இருந்தது.

மூன்று போட்டாயிற்று. நாலாவது வரவில்லை. கீழே ஒன்றின்மேல் ஒன்று உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உழுந்துருச்சு புள்ள!" என்றார். ஜன்னலுக்குக் கீழே அடுப்புக்காகக் கொட்டாங்குச்சி குவித்து வைத்திருந்தாராம், அதற்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கிளறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "குனிய முடியல. மூணு நிக்கும். நாலாவது கெடச்சா நானே கொண்டாந்து போடறேன்" என்றார்.

நான் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தள்ளித் திறந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் கொட்டாங்குச்சித் தூசியோடு நின்றுகொண்டிருந்தார். பித்தளையைத் தொட்டுப் பார்த்தார். "நீயா பாத்து வாங்குன? பரவால்லயே" என்றார். அப்போது நான், உள்ளே வாங்கக்கா, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "செரிங்க" என்றேன். அவரும் திருப்புளியைக் கம்பி வழியாக நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஜன்னலைத் திறப்பேன். அவர் வாசல் கூட்டிக்கொண்டிருப்பார். நிமிர்ந்து பார்த்து, "இன்னும் கெடைக்கல" என்பார். நான் தலையாட்டுவேன். சில நாள் அதோடு இன்னும் ஒன்றிரண்டு வார்த்தை வரும்: தண்ணி வந்துச்சா, உன்ற மக வந்தாளா. கொட்டாங்குச்சிக் குவியலை ஒருநாள் கிளறினால் போல்ட் கிடைத்திருக்கும். இரண்டு பேருமே கிளறவில்லை.

தீபாவளிக்குப் பிறகு அவருக்கு முழங்கால் முடியாமல் போனது. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற அவர் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நான் ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வந்து ஜன்னலைத் திறந்தால் வாசல் காலியாக இருந்தது. முக்காலி கவிழ்த்து வைத்திருந்தது. தறி ஓட்டுகிறவர்கள் வாடகைக்கு வந்தவர்கள், அவர்கள் வேறு வழியாக வந்து போகிறார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அக்காவிடம் போனில் பேசலாமே என்கிறாள் மகள். நம்பர் வாங்கித் தருகிறாளாம். போனில் என்ன பேசுவது? நான் தலையாட்டினால் அங்கே தெரியாதே.

கைப்பிடி மூன்று போல்ட்டிலேயே போன ஆடியையும் தாங்கிவிட்டது. நாலாவது ஓட்டை அப்படியே இருக்கிறது. ஒரு தீக்குச்சியைச் செருகிவிடு, பூச்சி வரும் என்றாள் மகள். செருகவில்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்தினால் அந்த ஓட்டை வழியாக வெயில் வந்து எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியாக நிற்கும். விளக்குப் போடுகிறவரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குனிந்து கண்ணை வைத்தால் கொட்டாங்குச்சிக் குவியல் கொஞ்சம் தெரியும்.

எழுதியதில் தப்பு இருக்கும். துணி தொங்கியது பத்தொன்பது நாளா, அதற்கு மேலா என்று எனக்கு நிச்சயமில்லை. அவர் அன்றைக்கு உடைத்துக்கொண்டிருந்தது தேங்காய்தானா, சேலையை மாமியார் எடுத்துக் கொடுத்தது எந்த நோம்பிக்கு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஞாபகம் அதிகம். பல்லடம் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டி, தப்பு இருக்கிற இடத்தில் அவர் சொல்கிற மாதிரி திருத்தி வாங்கிவந்தால் உதவியாக இருக்கும். அப்படியே அந்த நாலாவது போல்ட் கிடைத்ததா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.